பங்குகளை வாங்கும் காலமும் விற்கும் காலமும்



நம் வியாபாரிகள் நான்கு பேர் கூடினால் உளுந்து என்ன விலை, வத்தல் வரத்து எப்படி, பருத்தி ஏறுமா இறங்குமா என்பதுதான் முன்பெல்லாம் பேச்சு. இப்போது அதோடு பங்குச் சந்தைப் பேச்சும் சேர்ந்துவிட்டது. செல்போனிலேயே கணக்குத் தொடங்கி, கல்லாவில் உட்கார்ந்தபடியே வாங்கி விற்கிறார்கள். எந்தப் பங்கை வாங்கலாம் என்று கேட்பவர்கள் பலர். எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று கேட்பவர்கள் சிலர். எந்தப் பணத்தில் வாங்குவது என்று கேட்பவர்கள் மிகமிகச் சிலர். உண்மையில் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

எந்தப் பங்கு ஏறும் என்று இந்தக் கட்டுரையில் சொல்லப் போவதில்லை. கடை நடத்தும் நமக்குத் தெரிந்த கணக்கை வைத்துக்கொண்டு, வாங்கும் காலத்தையும் விற்கும் காலத்தையும் எப்படி முடிவு செய்வது என்று மட்டும் பார்ப்போம்.

முதலில் பணத்தைப் பிரியுங்கள்

வியாபாரியின் கையில் இருக்கும் பணம் மூன்று வகை. ஒன்று, சரக்காகவும் வரவேண்டிய பாக்கியாகவும் சுற்றிக்கொண்டிருக்கும் கடை முதல். இரண்டு, மகள் திருமணம், மகன் படிப்பு, வீடு கட்டுவது என்று தேதி குறித்த பணம். மூன்று, இந்த இரண்டும் போக, ஐந்து ஆறு ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணம். பங்குக்குப் போக வேண்டியது மூன்றாவது வகைப் பணம் மட்டுமே.

இதை நாம் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடை முதலைப் பங்கில் போட்டவருக்கு விற்கும் காலத்தை முடிவு செய்யும் உரிமை கிடையாது. அதை அவருடைய கடன்காரர் முடிவு செய்வார்.

2008-ம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஜனவரி 8-ல் மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீட்டு எண் 20,873-ல் முடிந்தது. அக்டோபர் 27-ல், சரியாகத் தீபாவளி வாரத்தில், ஒரு கட்டத்தில் 7,697 வரை இறங்கியது. தீபாவளிச் சரக்கு பாக்கியை மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டிய நேரமும் அதுதான். கடைப் பணத்தில் பங்கு வாங்கியிருந்தவர் அந்த வாரத்தில் விற்றுத்தான் ஆகவேண்டும். தேவைப்படாத பணத்தில் வாங்கியிருந்தவர் பேசாமல் இருந்தார். 2010 நவம்பரில், அடுத்த தீபாவளிக்கு அடுத்த தீபாவளி, சென்செக்ஸ் மீண்டும் 21,000-ஐத் தொட்டது. இருவரும் ஒரே பங்கை ஒரே விலைக்கு வாங்கியிருந்தாலும் ஒருவருக்கு நஷ்டம் நிலைத்தது, மற்றவருக்கு நிலைக்கவில்லை.

2020 மார்ச்சிலும் இதே கதைதான். மார்ச் 23-ல் ஒரே நாளில் சென்செக்ஸ் 3,934 புள்ளிகள், அதாவது 13 சதவீதத்துக்கும் மேல், விழுந்து 25,981-ல் முடிந்தது. இரண்டு நாளில் நாடு முழுவதும் ஊரடங்கு. மளிகைக் கடைக்காரர் ரொக்கம் கொடுத்துச் சரக்கு எடுக்க வேண்டிய வாரம் அது. அந்த ஆண்டு முடிவில் சென்செக்ஸ் 47,751. பொறுக்க முடிந்தவர்கள் பிழைத்தார்கள். பொறுக்க முடிவது மனத்திடத்தால் மட்டும் அல்ல, கையில் வேறு பணம் இருப்பதால்.

ஆகவே கேஷ் கிரெடிட் கணக்கில் எடுத்தோ, நகையை அடகு வைத்தோ, தரகர் கம்பெனி கடன் தருகிறது என்றோ பங்கு வாங்காதீர்கள். வட்டி ஒவ்வொரு நாளும் ஏறும். பங்கு அப்படி ஒவ்வொரு நாளும் ஏறும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

விலை என்றால் என்ன?

பங்கு என்பது ஒரு கம்பெனியில் நமக்குள்ள கூட்டு. பத்துப் பேர் சேர்ந்து ஒரு கடை வைத்தால் எப்படியோ அப்படி. இங்கே பத்துப் பேருக்குப் பதில் பல லட்சம் பேர் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு மளிகைக் கடை விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாச் செலவும் போக ஆண்டுக்கு 4 லட்ச ரூபாய் நிகர லாபம். உரிமையாளர் 40 லட்சம் கேட்கிறார். பத்து ஆண்டு லாபத்தை விலையாகக் கேட்கிறார் என்று உடனே கணக்குப் போடுவோம். அதே கடைக்கு 2 கோடியே 40 லட்சம் கேட்டால்? அது அறுபது ஆண்டு லாபம். போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு இரண்டு சதவீதம்கூட வராது. டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவோம்.

பங்குக்கும் இதே கணக்குத்தான். பங்கின் விலை 600 ரூபாய், ஒரு பங்குக்கு ஆண்டு லாபம் 30 ரூபாய் என்றால், இருபது ஆண்டு லாபத்தை விலையாகக் கொடுக்கிறோம். இதைப் பி.இ. விகிதம் என்கிறார்கள். வேகமாக வளரும் கம்பெனிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். வளராத கம்பெனிக்குக் கொடுக்கக் கூடாது. 50 ரூபாய்ப் பங்கு மலிவு, 5,000 ரூபாய்ப் பங்கு விலை அதிகம் என்று நினைப்பது தவறு. ஒரு கிலோ உப்பையும் ஒரு கிலோ ஏலக்காயையும் விலையை மட்டும் பார்த்து ஒப்பிடுவது போன்றது அது.

உச்சத்தில் வாங்கியவர் நிலை

1992-ம் ஆண்டு நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஹர்ஷத் மேத்தா என்ற மும்பைத் தரகர், வங்கிகளின் பணத்தைப் பங்குச் சந்தைக்குத் திருப்பி விலைகளை ஏற்றினார். ஏ.சி.சி. சிமெண்ட் பங்கு சுமார் 200 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் வரை போனது. கம்பெனியின் சிமெண்ட் உற்பத்தி அப்படி நாற்பது மடங்கு பெருகிவிடவில்லை. சென்செக்ஸ் ஏப்ரல் 22-ல் 4,467. ஊழல் வெளியே வந்ததும் ஏப்ரல் 28-ல் ஒரே நாளில் 570 புள்ளிகள் சரிந்தது.

சரிந்தது பெரிய விஷயமில்லை. 2003 ஏப்ரலில், பதினோரு ஆண்டு கழித்து, சென்செக்ஸ் 3,000-க்கும் கீழே இருந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. இடையில் 1994-லும் 2000-லும் பழைய உச்சத்தைத் தாண்டியது உண்மை. ஆனால் அந்த நேரங்களில் விற்காமல் இருந்தவருக்குப் பதினோரு ஆண்டு முடிவில் முதலே முழுதாக இல்லை. பங்கை வாங்கிப் போட்டால் போதும், காலம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. என்ன விலைக்கு வாங்கினோம் என்பதும் காலத்தோடு சேர்ந்த கணக்குத்தான்.

இது நமக்குப் புதிய பாடம் இல்லை. 2015-ல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாய் அளவுக்குப் போனது. அந்த விலையைப் பார்த்து அடுத்த பருவத்தில் நாடு முழுவதும் துவரை விதைத்தார்கள். 2016-17-ல் விளைச்சல் ஏறக்குறைய இரு மடங்கானது. 2017-ல் பல மண்டிகளில் அரசு அறிவித்த ஆதரவு விலையான குவிண்டால் 5,050 ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. எல்லோரும் வாங்குகிறார்களே என்று உச்ச விலையில் இருப்பு வைத்தவர் எப்படித் தவித்தார் என்பது மண்டிக்காரர்களுக்குத் தெரியும். பருப்பில் இதைப் புரிந்துகொள்ளும் நாம் பங்கில் மட்டும் ஏன் மறக்கிறோம்?

வாங்கும் காலம்

ஒரு பங்கை வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் கேள்வி: கம்பெனியின் ஐந்தொகை எப்படி இருக்கிறது? ஐந்தாண்டுக் கணக்கைப் பாருங்கள். விற்பனை ஏறியதா, கடன் ஏறியதா? லாபம் என்று காட்டியது ரொக்கமாக வந்ததா, வெளிப் பாக்கியாக நிற்கிறதா? சரக்கைக் கடனுக்குத் தள்ளிவிட்டு விற்பனை என்று எழுதினால் அது லாபம் ஆகாது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலாளிமார் தங்கள் பங்குகளை அடகு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இவை எல்லாம் இன்று பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இரண்டாவது கேள்வி: விலை எத்தனை ஆண்டு லாபம்? மேலே சொன்ன கடைக் கணக்கைப் போடுங்கள். அதே கம்பெனி முந்தைய ஆண்டுகளில் எத்தனை மடங்குக்கு விற்றது, அதே தொழிலில் உள்ள மற்றக் கம்பெனிகள் எத்தனை மடங்குக்கு விற்கின்றன என்றும் ஒப்பிடுங்கள்.

மூன்றாவது கேள்வி: நான் ஏன் இதை வாங்குகிறேன்? இதற்கு ஒரு வரியில் பதில் எழுத முடிய வேண்டும். "மச்சினன் சொன்னான்", "நேற்றே பத்து ரூபாய் ஏறிவிட்டது" என்பவை பதில்கள் அல்ல.

பக்கத்தில் இருக்கிறது, நமக்குத் தெரிந்த கம்பெனி என்பதும் முழுப் பதில் ஆகாது. நம் பகுதியைச் சுற்றியே பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் பல. கோவில்பட்டியில் லாயல் மில், ஆர்.ஆர். நகரில் ராம்கோ சிமெண்ட் ஆலை, தூத்துக்குடியில் ஸ்பிக். ஆலையின் சங்கு ஊதுவது கேட்கிறது என்பதால் அதன் ஐந்தொகை நமக்குத் தெரிந்துவிட்டதாக எண்ணக் கூடாது.

தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கியை எடுத்துக்கொள்வோம். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்று தொடங்கி, 1962-ல் இப்போதைய பெயர் பெற்றது. நம் வட்டார வணிகர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கே கணக்கு வைத்திருப்பவர்கள். 2022 செப்டம்பரில் முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டு, ஒரு பங்கு 510 ரூபாய் என்று விலை முடிவாகி, செப்டம்பர் 15-ல் சந்தைக்கு வந்தது. நம்ம பாங்க் என்ற பாசத்தில் முதல் நாளே பெரிய ஏற்றம் எதிர்பார்த்தவர்களுக்கு அது நடக்கவில்லை. பின்னர் பல மாதங்கள் வெளியீட்டு விலைக்குக் கீழேயே நின்றது. வங்கியின் நாணயத்தில் குறை இருந்ததாக இதற்குப் பொருள் இல்லை. நல்ல கம்பெனி என்பது ஒரு கேள்வி, இந்த விலைக்கு நல்லதா என்பது இன்னொரு கேள்வி. பாசம் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாது.

சீட்டுக் கட்டுவது போல்

இன்றுதான் அடிமட்ட விலை என்று அறிந்து வாங்குபவர் யாரும் இல்லை. அப்படிச் சொல்பவர் ஜோசியம் சொல்கிறார். நம் கரிசல் காட்டு மானாவாரி விவசாயி இதற்கு நல்ல உதாரணம். முதல் மழையை மட்டும் நம்பி முழு விதையையும் கொட்டிவிடமாட்டார். பருத்தியை மட்டும் நம்பாமல் ஊடுபயிராக உளுந்தும் போடுவார். ஒன்று போனால் ஒன்று காப்பாற்றும்.

பங்கிலும் மாதாமாதம் சீட்டுக் கட்டுவது போல ஒரே தொகையைப் போட்டு வருவது நமக்கு ஏற்ற வழி. ஒரு கணக்குப் பார்ப்போம். மாதம் 6,000 ரூபாய் வீதம் நான்கு மாதம் வாங்குகிறோம். விலை முறையே 120, 100, 60, 80 என்று இருந்தால், கிடைக்கும் பங்குகள் 50, 60, 100, 75. மொத்தம் 24,000 ரூபாய்க்கு 285 பங்குகள். நமக்கு அடங்கிய விலை சுமார் 84 ரூபாய். நான்கு மாத விலைகளின் சராசரியோ 90 ரூபாய். விலை குறைந்த மாதத்தில் தானாகவே அதிகப் பங்குகள் வந்து சேர்ந்ததே காரணம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்த முறை சந்தை முழுவதையும் தழுவிய பரஸ்பர நிதிக்கும், நல்ல நிலையில் உள்ள கம்பெனிக்கும்தான் பொருந்தும். அழிந்துகொண்டிருக்கும் கம்பெனியின் பங்கை "விலை இறங்கிவிட்டதே, இன்னும் கொஞ்சம் வாங்கிச் சராசரி செய்வோம்" என்று வாங்குவது, வண்டு விழுந்த பயற்றை இன்னும் பத்து மூட்டை வாங்கி அடுக்குவதற்குச் சமம்.

விற்கும் காலம்

வாங்குவதைவிட விற்பதுதான் கடினம். இங்கே கடைக்காரரின் இரண்டு பழக்கங்கள் நம்மைக் கெடுக்கின்றன.

ஒன்று, குறைந்த லாபம், வேகமான சுழற்சி. மூட்டைக்கு இருபது ரூபாய் நின்றாலும் தள்ளிவிட்டு அடுத்த லோடு எடுப்பது எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளின் வழக்கம். அதே கையோடு நல்ல பங்கையும் பத்து சதவீத லாபத்தில் விற்றுவிடுகிறோம். இரண்டு, அசலுக்குக் குறைந்து விற்கக் கூடாது என்ற வைராக்கியம். நஷ்டத்தில் உள்ள பங்கை "வாங்கிய விலை வரட்டும்" என்று வைத்திருக்கிறோம். முடிவில் நல்ல சரக்கெல்லாம் போய், கெட்ட சரக்கு மட்டும் வீட்டில் தங்கிவிடுகிறது.

இது நமக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. அமெரிக்காவில் டெரன்ஸ் ஓடியன் என்ற பேராசிரியர், ஒரு தரகர் நிறுவனத்தில் இருந்த 10,000 கணக்குகளை ஆராய்ந்து 1998-ல் வெளியிட்டார். அங்கும் மக்கள் லாபத்தில் உள்ள பங்கையே விரைந்து விற்றார்கள், நஷ்டத்தில் உள்ளதைப் பிடித்து வைத்தார்கள். விற்றுவிட்ட பங்குகள் அடுத்த ஓராண்டில், பிடித்து வைத்த பங்குகளைவிட 3.4 சதவீதம் கூடுதலாகவே பலன் தந்தன.

நாம் எந்த விலைக்கு வாங்கினோம் என்பது சந்தைக்குத் தெரியாது. அந்த விலைக்கு அது திரும்பி வந்தாக வேண்டிய கடமையும் இல்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இன்று கையில் ரொக்கம் இருந்தால், இன்றைய விலைக்கு இந்தப் பங்கைப் புதிதாக வாங்குவேனா? வாங்கமாட்டேன் என்றால் ஏன் வைத்திருக்கிறேன்?

விற்பதற்கு நியாயமான காரணங்கள் நான்கு.

1. வாங்கிய காரணம் இல்லாமல் போவது. கடன் இல்லாத கம்பெனி என்று வாங்கினோம், இப்போது கடன் மலைபோல் ஏறிவிட்டது என்றால், விலை எதுவாக இருந்தாலும் விற்க வேண்டும்.

2. கணக்கில் நம்பிக்கை போவது. ஐதராபாத் சத்யம் கம்பெனியின் தலைவர், கணக்குகள் பொய் என்று 2009 ஜனவரி 7-ல் தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். முந்தைய நாள் சுமார் 180 ரூபாயாக இருந்த பங்கு அன்று மாலை சுமார் 40 ரூபாய். ஆனால் எச்சரிக்கை மூன்று வாரம் முன்பே வந்துவிட்டது. 2008 டிசம்பர் 16-ல், தலைவரின் குடும்பத்தாருக்குத் தொடர்புள்ள இரண்டு கம்பெனிகளைச் சத்யத்தின் பணத்தில் வாங்கப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் சில மணி நேரத்தில் கைவிட்டார்கள். மறுநாள் பங்கு சுமார் 30 சதவீதம் விழுந்தது. அந்த விழுந்த விலையில் விற்றவர் நஷ்டப்பட்டார், ஆனால் பிழைத்தார். வாங்கிய விலை வரட்டும் என்று இருந்தவர் முழுதாகப் போனார். ஒரு முறை பொய்க் கணக்குக் காட்டிய வாடிக்கையாளருக்கு மறுபடி கடன் கொடுப்போமா?

3. விலை அளவு மீறுவது. நம் கணக்கில் இருபது ஆண்டு லாபத்துக்குத் தகுதியான பங்கு அறுபது ஆண்டு லாபத்துக்குப் போய்விட்டால், ஒரு பகுதியையாவது விற்று எடுத்துவிடலாம். முழுவதையும் உச்சத்தில் விற்க வேண்டும் என்று காத்திருப்பதும் பேராசைதான். ஒரே பங்கு ஏறி, மொத்த முதலீட்டில் பாதியை அடைத்துக்கொண்டாலும் இதே வழிதான்.

4. பணத்தின் தேதி நெருங்குவது. பங்கில் போட்ட பணத்தைத் திருமணத்துக்கோ வீட்டுக்கோ எடுப்பது என்று முடிவாகிவிட்டால், இரண்டு மூன்று ஆண்டு முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக விற்று வங்கி டெபாசிட்டுக்கு மாற்றிவிட வேண்டும். முகூர்த்த நாளைச் சந்தைக்காகத் தள்ளிவைக்க முடியாது.

விலை இறங்கியது என்பது மட்டும் விற்கக் காரணம் ஆகாது. 2015 ஜூனில் மேகி நூடுல்ஸுக்கு வந்த சோதனையை மளிகைக் கடைக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஈயம் அதிகம் என்று சொல்லி, உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஜூன் 5-ல் சரக்கைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. நெஸ்லே இந்தியா அந்தக் காலாண்டில் 64 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் காட்டியது. பங்கு விலை கடுமையாக இறங்கியது. ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நவம்பரில் சரக்கு மீண்டும் கடைக்கு வந்தது. பங்கும் பின்னாளில் பழைய விலையைத் தாண்டிப் போனது.

இங்கே பார்க்க வேண்டியது ஒன்றே. வாடிக்கையாளர் போய்விட்டாரா, அல்லது சரக்கு மட்டும்தான் நின்றதா? தடை நாட்களில் "மேகி எப்போ வரும் அண்ணாச்சி?" என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்த கடைகளில் அதற்கு ஓரளவு பதில் இருந்தது. எந்த சோப்பு ஓடுகிறது, எந்த பிஸ்கட் தேங்குகிறது, எந்தக் கம்பெனி மார்ச் மாதக் கணக்குக்காகச் சரக்கைத் தள்ளுகிறது என்பதை மும்பையில் இருப்பவரைவிட முன்னதாக அறிபவர் நாம். அதனாலேயே எல்லாம் தெரிந்துவிடாது. ஆனால் ஐந்தொகையோடு சேர்த்துப் பார்க்க அது நல்ல சாட்சி.

தினம் வாங்கித் தினம் விற்பது

காலையில் வாங்கி மாலையில் விற்பதும், எஃப் அண்ட் ஓ என்ற முன்பேர வியாபாரமும் இப்போது நம் இளைஞர்களிடம் பரவிவருகின்றன. இதைப் பற்றி நாம் வாதம் செய்ய வேண்டியதில்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் ஆய்வே போதும். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் இந்த முன்பேர வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று 2024 செப்டம்பரில் செபி அறிவித்தது. அவர்களின் மொத்த நஷ்டம் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். 2022-23-ல் பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்ற தனிநபர்களிலும் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம்.

நூறு பேர் நுழைந்து தொண்ணூற்று மூன்று பேர் நஷ்டத்தோடு வெளியே வரும் ஒரு மண்டிக்கு, நம் பிள்ளையைப் பணம் கொடுத்து அனுப்புவோமா? வீட்டில் யாராவது இதில் ஈடுபட்டிருந்தால் கோபப்படாமல் உட்கார வைத்துக் கணக்கைக் கேளுங்கள். லாபம் வந்த நாட்களை மட்டும் சொல்வார்கள். ஆண்டு முழுவதற்குமான வரவு செலவைத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

நீண்டகாலம் வைத்திருப்பவரும் அடிக்கடி மாற்றிக்கொண்டிருந்தால் பலன் குறையும். தரகு, கட்டணம், வரி மூன்றும் ஒவ்வொரு முறையும் கழியும். 2024 ஜூலை 23 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பட்டியலிடப்பட்ட பங்கை ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால், ஆண்டுக்கு 1 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய் லாபத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 12.5 சதவீதம். விற்கும் முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கக் குறிப்பு

நாள்வழியும் பேரேடும் எழுதும் நமக்கு இது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு பங்குக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாங்கும் அன்றே எழுதவேண்டியவை இவை:

அ. தேதி, விலை, எண்ணிக்கை.
ஆ. எத்தனை ஆண்டு லாபத்தை விலையாகக் கொடுத்தோம்.
இ. வாங்கிய காரணம், ஒரே வரியில்.
ஈ. என்ன நடந்தால் விற்பேன் என்பது. இதை வாங்கும் அன்றே எழுத வேண்டும். விலை ஆடும்போது எழுதினால் பயமும் ஆசையும்தான் எழுதும்.
உ. இந்தப் பணம் எந்த ஆண்டு வரை தேவைப்படாது என்பது.

தினமும் விலை பார்க்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கம்பெனி கணக்கு வெளியிடும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து, எழுதிய காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் நோட்டை மூடிவிட்டுக் கடையைக் கவனியுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலையில் விற்றுவிடுங்கள்.

இன்னொன்று. 1990-களில் வாங்கிய காகிதப் பங்குப் பத்திரங்கள் சிலர் வீட்டு இரும்புப் பெட்டியில் இன்னும் இருக்கும். 2019 ஏப்ரல் முதல், டிமேட் கணக்குக்கு மாற்றாமல் அவற்றை இன்னொருவர் பெயருக்கு விற்று மாற்ற முடியாது. ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டிருந்தால் அந்தப் பங்குகள் மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். விண்ணப்பித்துத் திரும்பப் பெற வழி உண்டு. வாரிசு நியமனம் செய்திருக்கிறீர்களா என்பதையும் சரிபாருங்கள். என்ன வாங்கியிருக்கிறோம், எங்கே இருக்கிறது என்பது வீட்டில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்கள் இந்த வார விடுமுறை நாளில் நோட்டை எடுத்து, மேலே சொன்ன ஐந்து விவரங்களையும் ஒவ்வொரு பங்குக்கும் எழுதிப் பாருங்கள். "இ" என்ற வரியில் எழுத ஒன்றும் இல்லாத பங்குகள் எவை என்று அப்போது தெரிந்துவிடும். விற்பதை அங்கிருந்து தொடங்கலாம்.